பெடல் ஸ்டீல் கிட்டாரும் கார்ட் ஃபைண்டரும்: உள்ளே நடப்பது கூட்டல் கணக்கு

டெக்சாஸில் வேலையில் இருந்தபோது பழைய பெடல் ஸ்டீல் கிட்டார் ஒன்று மலிவாகக் கிடைத்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து, நாலு கால்களையும் முறுக்கி நிறுத்திய அன்று இரவே இணையத்தில் ஒரு கார்ட் ஃபைண்டரைத் திறந்தேன். சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களின் கூட்டுக்குத்தான் கார்ட் என்று பெயர்; அதை வாத்தியத்தில் எங்கே, எப்படி வாசிப்பது என்று காட்டும் கருவி இது. சி மேஜர் வேண்டும் என்று தட்டினேன். 3-வது ஃப்ரெட், இடப்பக்கமிருந்து முதல் இரண்டு பெடல்கள், 4, 5, 6-வது தந்திகள் என்று படம் போட்டுக் காட்டியது. அப்படியே செய்தேன். கல்யாண வீட்டில் முகாரி பாடின மாதிரி இருந்தது. சி மேஜர் இப்படி அழாது என்பது எனக்குத் தெரியும்.

ஃபைண்டர் தப்பு என்று மூன்று வாரம் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் தப்பு ஃபைண்டரிலும் இல்லை, வாத்தியத்திலும் இல்லை. அந்த ஃபைண்டர் என்னதான் செய்கிறது என்று எனக்குத் தெரியாமல் இருந்ததுதான் சங்கதி. “அதுவே கார்ட் கண்டுபிடிச்சுக் குடுத்துடும்” என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறோம். அது எதையும் கண்டுபிடிப்பதில்லை, கூட்டிப் பார்க்கிறது. எதை எதோடு கூட்டுகிறது என்பது புரிந்துவிட்டால், அது சொல்வதை எங்கே நம்பலாம், எங்கே கூடாது என்பதும் புரிந்துவிடும்.

தையல் மெஷின் மாதிரி ஒரு வாத்தியம்

பெடல் ஸ்டீலைப் பார்த்திராதவர்களுக்கு நான் சொல்லும் உவமை, திருப்பூர் பனியன் கம்பெனிகளில் இருக்கும் பவர் மெஷின். தைப்பவர் உட்கார்ந்திருப்பார். இரண்டு கையும் துணியில். பாதம் கீழே பெடலில். துணியைத் திருப்ப வேண்டுமென்றால் முழங்காலால் பக்கவாட்டில் ஒரு தட்டு; ஊசிப் பாதம் மேலே தூக்கிக்கொள்ளும். கை, பாதம், முழங்கால் மூன்றும் ஒரே நேரத்தில் வேலை செய்யும்.

பெடல் ஸ்டீலும் அப்படித்தான். மேசைபோல் நிற்கும் வாத்தியத்தின் முன்னால் உட்கார்ந்துதான் வாசிக்க வேண்டும். மேலே பெரும்பாலும் பத்துத் தந்திகள். வலது கை மீட்டும். இடது கையில் கனமான எஃகு உருளை. அதைத் தந்திகளின்மேல் வைத்து நகர்த்துவார்கள். நம்மூர் சித்திரவீணையில், அதாவது கோட்டுவாத்தியத்தில், கட்டையை நகர்த்துவதுபோல. இடது பாதம் தரையிலுள்ள பெடல்களை அழுத்தும். வலது பாதம் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வால்யூம் பெடலின்மேல். இரண்டு முழங்கால்களையும் ஒட்டி லீவர்கள் தொங்கும். முழங்காலை இடமோ வலமோ தள்ளினால் இயங்கும். பெடலோ லீவரோ இயங்கினால், அடியில் ஓடும் கம்பிகள் வழியாக ஒருசில தந்திகள் மட்டும் முறுகும், அல்லது தளரும். கையை விட்டதும் வளைந்த கிளை நிமிர்வதுபோல, காலை எடுத்ததும் தந்தி பழைய சுருதிக்குத் திரும்பிவிடும்.

ஃப்ரெட் என்று சொன்னாலும் இதில் உலோகக் கட்டு எதுவும் கிடையாது. வெறும் வரைகோடு. உருளையை எங்கே நிறுத்துவது என்பதற்கு ஓர் அடையாளம், அவ்வளவுதான்.

கார்ட் என்றால் என்ன?

கர்நாடக இசை கொஞ்சம் தெரிந்திருந்தால் இது இரண்டு நிமிட வேலை. ஸ்தாயிக்குப் பன்னிரண்டு ஸ்வரஸ்தானங்கள். அதில் ச, அந்தர காந்தாரம், ப மூன்றையும் ஒரே நேரத்தில் ஒலித்தால் மேஜர் கார்ட். அந்தர காந்தாரத்துக்குப் பதில் ஒரு ஸ்தானம் கீழே இருக்கும் சாதாரண காந்தாரத்தைப் போட்டால் மைனர் கார்ட். எந்தச் சுருதியை ச-வாக வைத்தோமோ அதுவே கார்டின் பெயர். சி என்ற சுருதி ச-வாக இருந்தால் சி மேஜர். ஜி ச-வாக இருந்தால் ஜி மேஜர்.

ச-வைச் சுழியம் என்று வைத்து ஸ்தானங்களை எண்ணினால் மேஜர் 0-4-7. மைனர் 0-3-7. மேஜரோடு கைசிகி நிஷாதம் சேர்ந்தால் 0-4-7-10. இதற்கு ‘செவன்த்’ என்று பெயர். ஜி-7 என்று எழுதினால் இதுதான். ஃபைண்டருக்குத் தெரிந்த இசையறிவு முழுக்க இப்படிப்பட்ட எண் வரிசைகள்தான். இன்னும் ஒரு முப்பது நாற்பது சேர்த்து உள்ளே வைத்திருப்பார்கள்.

நேர் உருளையின் சங்கடம்

சாதாரணக் கிட்டாரில் நாலு விரல்கள் நாலு வெவ்வேறு ஃப்ரெட்டில் உட்காரும். ஸ்டீல் கிட்டாரில் அந்த வசதி இல்லை. உருளை நேரானது. அடிமட்டத்தைக் குறுக்கே வைத்ததுபோல எல்லாத் தந்திகளையும் ஒரே ஃப்ரெட்டில் தொடுகிறது. ஆகவே உருளையை வைக்காமல் தந்திகளை மீட்டினால் என்ன வகைக் கார்ட் கிடைக்குமோ, எந்த ஃப்ரெட்டுக்குப் போனாலும் அதே வகைதான் கிடைக்கும். மேஜராகச் சுருதி சேர்த்திருந்தால் எங்கும் மேஜர். மைனருக்கு எங்கே போவது?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஹவாய்த் தீவுகளில் தொடங்கிய வாத்தியம் இது. ஜோசப் கெகுகு என்ற இளைஞர் தொடங்கிவைத்தார் என்பார்கள். அமெரிக்க நாட்டுப்புற இசைக்குள் வந்த பிறகு இந்தச் சங்கடத்துக்கு அவர்கள் கண்ட முதல் வழி, ஒரே உடம்பில் இரண்டு, மூன்று, நாலு கழுத்துகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சுருதி. கையைத் தூக்கி அடுத்த கழுத்துக்குத் தாவ வேண்டும். அடுத்த வழிதான் பெடல். முதலில் பெடலையும் கழுத்து மாற்றுவதுபோலவே பயன்படுத்தினார்கள்: அழுத்திச் சுருதியை மாற்றிவிட்டு, பிறகு மீட்டுவது. 1954-ல் வெளிவந்த, வெப் பியர்ஸ் பாடிய ‘ஸ்லோலி’யில் பட் ஐசக்ஸ் தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெடலை அழுத்தினார். ஒரு ஸ்வரம் அசையாமல் நிற்க, பக்கத்து ஸ்வரங்கள் வழுக்கி மேலே ஏறின. இன்று நாட்டுப்புறப் பாட்டில் ‘அழுகிற கிட்டார்’ என்று நாம் அடையாளம் காணும் ஒலி அதுதான்.

இதுவரை சொன்னதன் சாரம்: கார்ட் என்பது குறிப்பிட்ட இடைவெளியில் நிற்கும் சில ஸ்வரங்கள். உருளை எல்லாவற்றையும் சேர்த்து நகர்த்தும். பெடலும் லீவரும் சிலவற்றை மட்டும் நகர்த்தும்.

கோபிடென்ட்: வாத்தியத்தின் ஜாதகம்

எந்தத் தந்திக்கு எந்தச் சுருதி, எந்தப் பெடல் எந்தத் தந்தியை எவ்வளவு மாற்றும் என்று எழுதிவைத்த அட்டவணைக்குக் கோபிடென்ட் என்று பெயர். ஆங்கிலத்தில் கார்ட், பெடல், ஏற்பாடு என்ற மூன்று சொற்களையும் வெட்டி ஒட்டியது. ஃபைண்டர் உங்கள் வாத்தியத்தைப் பார்த்ததில்லை. இந்த ஜாதகத்தை வைத்துத்தான் பலன் சொல்கிறது. ஜாதகம் வேறொருவருடையது என்றால் பலனும் வேறொருவருடையதுதான்.

பெரும்பாலோர் தொடங்குவது இ-9 என்ற சுருதியில். இசைக்கலைஞர்கள் நிறைந்த நாஷ்வில் நகரத்தின் பெயரால் நாஷ்வில் சுருதி என்றும் சொல்வார்கள். முதல் தந்தி வாசிப்பவருக்கு எட்டத்தில் இருக்கும், பத்தாவது வயிற்றுக்குப் பக்கத்தில். வரிசையாகச் சொன்னால்: எஃப் ஷார்ப், டி ஷார்ப், ஜி ஷார்ப், இ, பி, ஜி ஷார்ப், எஃப் ஷார்ப், இ, டி, பி. ஷார்ப் என்றால் ஒரு ஸ்தானம் மேலே.

பெடல்கள் மூன்று. ஏ பெடல் 5, 10-வது தந்திகளை (இரண்டுமே பி) இரண்டு ஸ்தானம் ஏற்றும். பி பெடல் 3, 6-வது தந்திகளை (ஜி ஷார்ப்) ஒரு ஸ்தானம் ஏற்றும். சி பெடல் 4, 5-வது தந்திகள் இரண்டையும் இரண்டிரண்டு ஸ்தானம் ஏற்றும். பெடலின் பெயரான ஏ-வுக்கும் ஏ என்ற சுருதிக்கும் எந்த உறவும் இல்லை. இந்தப் பெயரை வைத்தவருக்குப் புதிதாகப் படிக்க வருகிறவர்கள்மேல் என்ன கோபமோ!

லீவர்களில் இரண்டு ஏறக்குறைய எல்லா வாத்தியத்திலும் இருக்கும். ஒன்று 4, 8-வது தந்திகளை இ-யிலிருந்து எஃப்-புக்கு ஏற்றும். இதை எஃப் லீவர் என்பார்கள். இன்னொன்று அதே தந்திகளை டி ஷார்ப்புக்கு இறக்கும். மற்ற லீவர்கள் ஆளுக்கு ஆள் மாறும். ஃபைண்டரில் ‘இ-9’ என்று தேர்ந்தெடுத்ததோடு வேலை முடியாமல் போவது இதனால்தான். லீவர்களை நீங்களே மாற்றியெழுத இடம் தராத ஃபைண்டர், இரவல் செருப்பு மாதிரி. நடக்கலாம், கடிக்கும்.

கடிகாரக் கணக்கு

சுவர்க்கடிகாரத்தில் பதினொரு மணிக்கு மூன்று மணி நேரம் கூட்டினால் பதினான்கு என்று சொல்ல மாட்டோம், இரண்டு என்போம். பன்னிரண்டைத் தாண்டினால் மறுபடி முதலிலிருந்து. ஸ்வரஸ்தானங்களும் பன்னிரண்டுதானே? ஃபைண்டர் சுருதிகளுக்கு இப்படி எண் கொடுக்கிறது: சி 0, சி ஷார்ப் 1, டி 2, டி ஷார்ப் 3, இ 4, எஃப் 5, எஃப் ஷார்ப் 6, ஜி 7, ஜி ஷார்ப் 8, ஏ 9, ஏ ஷார்ப் 10, பி 11.

ஒரு தந்தி என்ன ஒலிக்கும்? தந்தியின் எண்ணோடு ஃப்ரெட் எண்ணைக் கூட்டு. பெடல் மாற்றத்தைக் கூட்டு. பன்னிரண்டை எட்டினாலோ தாண்டினாலோ பன்னிரண்டைக் கழி. இவ்வளவுதான் கணக்கு.

3-வது ஃப்ரெட்டில் பெடல் எதுவும் இல்லாமல் பார்ப்போம். 4-வது தந்தி இ: 4+3=7, அதாவது ஜி. 5-வது தந்தி பி: 11+3=14, பன்னிரண்டு போக 2, டி. 6-வது தந்தி ஜி ஷார்ப்: 8+3=11, பி. கையில் இருப்பவை ஜி, பி, டி. ஜி-யைச் சுழியமாக வைத்து எண்ணினால் 0-4-7. ஜி மேஜர்.

உருளை அங்கேயே இருக்கட்டும். இப்போது ஏ, பி பெடல்கள் இரண்டையும் அழுத்துகிறோம். 4-வது தந்தி அசையவில்லை: 7, ஜி. 5-வது இரண்டு ஏறுகிறது: 2+2=4, இ. 6-வது ஒன்று ஏறுகிறது: 11+1=12, அதாவது 0, சி. சி, இ, ஜி, சி மேஜர். உருளை ஒரு மயிரிழைகூட நகராமல் ஜி மேஜர், சி மேஜராகிவிட்டது. ஜி நின்ற இடத்தில் நிற்க, மற்ற இரண்டும் ஏறி வந்து சேர்ந்துகொண்டன. பட் ஐசக்ஸ் செய்தது இதைத்தான். அவர் ஒரே பெடலால் இரண்டு ஏற்றத்தையும் செய்தார். பின்னால் அதை ஏ, பி என்று பிரித்த பிறகு தனித்தனியாகவும் பயன்படுத்த முடிந்தது. ஏ பெடலை மட்டும் அழுத்தினால் ஜி, இ, பி கிடைக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள், இ மைனர் வரும்.

இனி என் முகாரிக்கு வருவோம். அதே 3-வது ஃப்ரெட்டில் பி, சி பெடல்களை அழுத்தினால் என்ன ஆகும்? 4-வது தந்தி 7+2=9, ஏ. 5-வது 2+2=4, இ. 6-வது 11+1=12, சி. ஏ, சி, இ. ஏ-யிலிருந்து எண்ணினால் 0-3-7. ஏ மைனர்!

பெடல்களை வரிசைப்படுத்துவதில் இரண்டு முறைகள் உண்டு. இடமிருந்து வலமாக ஏ, பி, சி என்று வைப்பது பட்டி எம்மன்ஸ் பெயரால் எம்மன்ஸ் முறை. சி, பி, ஏ என்று திருப்பி வைப்பது ஜிம்மி டே பெயரால் டே முறை. இருவருமே பெரிய கைகள். ஃபைண்டர் எம்மன்ஸ் முறையில் படம் போட்டிருந்தது. நான் வாங்கியதோ டே முறை. இடப்பக்க இரண்டு பெடல் என்று நான் அழுத்தியது சி-யும் பி-யும். விற்றவர் சொல்லவில்லை, எனக்குக் கேட்கவும் தெரியவில்லை. மூன்று வாரம் கழித்து ஒரு துண்டுத்தாளில் மேலே இருக்கும் கூட்டலைப் போட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

எந்தத் திசையில் தேடுகிறீர்கள்?

‘கார்ட் கண்டுபிடிக்கிற கருவி’ என்று ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு சாமான்கள் புழங்குகின்றன. பாட்டை ஓடவிட்டால் அதைக் கேட்டு, இந்த இடத்தில் ஜி, இந்த இடத்தில் சி என்று சொல்பவை ஒரு வகை. இவை ஒலியைப் பகுத்து ஊகிப்பவை, தப்பும் செய்யும். பெடல் ஸ்டீலைப் பற்றி அவற்றுக்கு எதுவும் தெரியாது. இரண்டாவது வகை, கார்ட் பெயரைக் கொடுத்தால் அதை வாசிக்கக்கூடிய இடங்களைக் காட்டுபவை. மூன்றாவது அதன் தலைகீழ்: ஃப்ரெட், பெடல், தந்தி மூன்றையும் கொடுத்தால் கார்ட் பெயரைச் சொல்பவை. பின்னிரண்டும் ஊகம் செய்வதில்லை, கூட்டல்தான். முதல் வகையின் மேல் உள்ள சந்தேகத்தை இரண்டாவதின் மேல் காட்டுவதும், இரண்டாவதின் கறாரை முதலாவதிடம் எதிர்பார்ப்பதும் தினமும் நடக்கிறது.

77,760 இடங்கள்

கூட்டல்தான் என்றால் கணினி எதற்கு? எண்ணிக்கைக்காக. மூன்று பெடலும் நாலு லீவரும் உள்ள வாத்தியம் என்று வைப்போம். இடது பாதம் ஒன்றும் அழுத்தாமல் இருக்கலாம்; ஏ, பி, சி தனித்தனியாக அழுத்தலாம்; பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் ஏ-யும் பி-யும் சேர்த்து, அல்லது பி-யும் சி-யும் சேர்த்து அழுத்தலாம். ஆக ஆறு. ஒரு முழங்கால் சும்மா இருக்கலாம், இடம் போகலாம், வலம் போகலாம்: மூன்று. இன்னொரு முழங்காலுக்கும் மூன்று. 6×3×3=54. பன்னிரண்டு ஃப்ரெட்டுக்கும் சேர்த்து 648. ஒவ்வொன்றிலும் பத்துத் தந்தியில் மூன்றைத் தேர்ந்தெடுக்க 120 வழி. பெருக்கினால் 77,760.

ஃபைண்டர் இத்தனையையும் கண்மூடித் திறப்பதற்குள் கூட்டிப்பார்த்து, நீங்கள் கேட்ட எண் வரிசையோடு பொருந்துவதை மட்டும் எடுத்துவைக்கிறது. நெல் சலிக்கிற வேலை. சல்லடையின் கண் எப்படி என்பதுதான் நல்ல ஃபைண்டருக்கும் மோசமானதற்கும் வித்தியாசம். மோசமானது உடம்பைப் பற்றிக் கவலைப்படாமல் ஏழு சுவிட்சுக்கும் 128 கூட்டுகளைப் போட்டுப் பார்க்கும். இடது முழங்காலை ஒரே நேரத்தில் இடமும் வலமும் தள்ளச் சொல்லி ஒருமுறை எனக்குக் கட்டளை வந்தது. கால் ஒன்றுதான் இருக்கிறது என்பதை அதற்கு யாரும் சொல்லவில்லை.

இன்னொரு சங்கதி, கடிகாரக் கணக்கிலேயே ஒளிந்திருக்கிறது. பன்னிரண்டைக் கழித்த கணத்தில் எந்த ஸ்தாயி என்ற தகவல் போய்விடுகிறது. மேல் ச-வும் கீழ் ச-வும் ஒன்றாகிவிடும். இ-9 சுருதியிலோ தந்திகள் உயரவரிசையில் இல்லை. எல்லாவற்றிலும் உச்சமானது 3-வது தந்தி. அதற்கும் அப்பால் இருக்கும் முதல் இரண்டும் அதைவிடத் தாழ்ந்தவை. படத்தில் மேலே இருப்பதுதான் உச்ச ஸ்வரம் என்று நினைத்து வாசித்தால், பாட்டின் மெட்டு நடுவில் புதைந்துபோய் வேறொன்று மேலே கேட்கும். ஸ்வரங்களை உயரவரிசையிலும் காட்டும் ஃபைண்டர் கிடைத்தால் விடாதீர்கள்.

பெயரை எப்போது நம்பக்கூடாது?

தலைகீழ் வகையில் ஒரு சோதனை. 3-வது ஃப்ரெட், பெடல் எதுவும் இல்லை, தந்திகள் 5, 6, 9. கணக்கு: டி, பி, எஃப். பி-யிலிருந்து எண்ணினால் 0-3-6. ‘பி டிமினிஷ்ட்’ என்று ஃபைண்டர் பெயர் சொல்லும். டிமினிஷ்ட் என்றால் மைனரில் பஞ்சமமும் ஒரு ஸ்தானம் இறங்கிவிட்ட கார்ட், இருட்டான ஒலி. இதே மூன்று ஸ்வரங்களை வாசிக்கும்போது பக்கத்தில் பேஸ் கிட்டார்க்காரர் ஜி-யைப் பிடித்தால்? ஜி, பி, டி, எஃப்: 0-4-7-10. ஜி-7. பழைய நாட்டுப்புறப் பாட்டு ஒவ்வொன்றிலும் வருவது இதுதான். ஜி-7 தேடுகிறவர் ‘பி டிமினிஷ்ட்’ என்ற பெயரைப் பார்த்துவிட்டு அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுவார்.

அதேபோல 3-வது ஃப்ரெட்டில் ஏ பெடல் மட்டும் போட்டுக் கிடைத்த இ மைனர். அடியில் பேஸ் சி-யைப் பிடித்தால் சி, இ, ஜி, பி ஆகி, ‘மேஜர் செவன்த்’ என்ற மெத்தென்ற கார்டாக மாறிவிடும். வாசித்தவர் விரலைக்கூட அசைக்கவில்லை.

நமக்கு இது புதிதல்ல. மோகனத்தின் ஸ்வரங்களை வைத்துக்கொண்டு ரிஷபத்தை ச-வாக எண்ணிப் பாடினால் மத்யமாவதி வந்துவிடும், கிரக பேதம். ஸ்வரம் மாறவில்லை, ஆதாரம் மாறியது. ஃபைண்டருக்குத் தம்புரா கேட்காது. நீங்கள் கொடுத்த மூன்று தந்திகளுக்குள்ளேயே ஆதாரத்தைத் தேடி ஒரு பெயரை ஒட்டுகிறது. பெயர் தப்பில்லை, மேடையில் அந்தப் பெயர்தான் நடக்கிறதா என்பது வேறு கேள்வி. பெயரோடு சேர்த்து 0-4-7 போல இடைவெளிகளையும் காட்டும் ஃபைண்டர்களை நான் விரும்புவதற்கு இதுவே காரணம். ‘மேலே உள்ள மூன்று எண்களும் வருகிறதா, ச மட்டும் இல்லையா, பேஸ் பார்த்துக்கொள்ளும்’ என்று நாமே முடிவு செய்யலாம்.

சுருக்கமாக: எந்தச் சுருதிகள் ஒலிக்கும் என்பதில் ஃபைண்டரை முழுக்க நம்பலாம், கோபிடென்ட் சரியாக இருந்தால். அவற்றுக்கு என்ன பெயர் என்பதில் பாதிதான் நம்பலாம்.

பட்டியலில் எதை எடுப்பது?

ஜி மேஜர் என்று கேட்டால் ஃபைண்டர் குறைந்தது மூன்று நல்ல இடங்களைக் காட்டும். 3-வது ஃப்ரெட்டில் பெடல் இல்லாமல். 6-வது ஃப்ரெட்டில் ஏ பெடலும் எஃப் லீவரும். 10-வது ஃப்ரெட்டில் ஏ, பி பெடல்கள். மூன்றும் ஜி மேஜர்தான். புதியவர்கள் மூன்றையும் மனப்பாடம் செய்ய உட்கார்ந்துவிடுகிறார்கள். பிறகு சி-க்கு மூன்று, டி-க்கு மூன்று. வாய்ப்பாடு ஒப்பிப்பது மாதிரி.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. இப்போது எங்கே இருக்கிறேன், அடுத்தது எங்கே, எது பக்கம்? ஜி-யிலிருந்து சி-க்குப் போக 8-வது ஃப்ரெட்டுக்கு ஓடலாம், அங்கே பெடல் இல்லாமலே சி இருக்கிறது. ஐந்து ஃப்ரெட் தூரம். அல்லது இருந்த இடத்திலேயே ஏ, பி-யை அழுத்தலாம். டி வேண்டுமென்றால் பெடலை விடாமல் இரண்டு ஃப்ரெட் ஏறி 5-வதற்குப் போனால் போதும். ஜி, சி, டி மூன்றும் இரண்டு ஃப்ரெட் வட்டத்துக்குள் அடங்கிவிட்டன. ஃபைண்டரின் பட்டியலில் இந்த ‘பக்கம்’ என்பது பெரும்பாலும் இருக்காது. அது ஒவ்வொரு கார்டையும் தனியாகத் தேடுகிறது. பாட்டில் எது எதற்குப் பிறகு வருகிறது என்பது அதற்குத் தெரியாது. பேருந்து நிறுத்தங்களின் பட்டியல் கையில் இருக்கிறது, எந்த வண்டி எங்கே போகிறது என்ற அட்டவணை இல்லை.

நாஷ்வில் ஸ்டூடியோக்காரர்கள் கார்டுகளை எழுத்தால் சொல்வதில்லை, எண்ணால் சொல்வார்கள். பாட்டின் ஆதாரக் கார்ட் 1. அதன் மத்யமத்தில் எழுவது 4, பஞ்சமத்தில் எழுவது 5. பாடகர் சுருதியை மாற்றச் சொன்னாலும் தாள் மாறாது. நாம் ச என்பதை எந்தக் கட்டையில் வேண்டுமானாலும் வைத்துக்கொள்வதும் இதே யோசனைதான். இந்த வாத்தியத்துக்கு அந்த முறை அளவெடுத்துத் தைத்த சட்டை: பெடல் இல்லாமல் 1, ஏ, பி அழுத்தினால் 4, அழுத்தியபடி இரண்டு ஃப்ரெட் ஏறினால் 5. எந்தச் சுருதியானாலும் கால் செய்யும் வேலை ஒன்றே, உருளை தொடங்கும் இடம் மட்டும் மாறும். ஃபைண்டரில் எண்ணால் தேடும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

திரையில் வராதது

ஃபைண்டர் 3-வது ஃப்ரெட் என்று சொன்னால் உருளையின் நடு சரியாகக் கோட்டுக்கு நேர் மேலே நிற்க வேண்டும். சாதாரணக் கிட்டார் வாசித்துப் பழகியவர்கள் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் வைப்பார்கள். அங்கே கட்டு பார்த்துக்கொள்ளும், இங்கே கட்டு இல்லை. சுருதி குறைந்துவிடும்.

அடுத்தது காந்தாரம். பன்னிரண்டு ஸ்தானங்களையும் சம அளவாக வெட்டியது ஃபைண்டரின் உலகம். ஒரு ஸ்தானத்தை நூறாகப் பிரித்தால் ஒரு பங்குக்கு சென்ட் என்று பெயர். சமமாக வெட்டினால் அந்தர காந்தாரம் 400 சென்டில் நிற்கும். தம்புராவில் தானாக எழும் காந்தாரமோ ஏறக்குறைய 386-ல். ஹார்மோனியத்தின் காந்தாரம் காதில் உறுத்துகிறது என்று பெரியவர்கள் சொல்வது இந்தப் பதினான்கு சென்டைத்தான். பெடல் ஸ்டீல்காரர்கள் பலர் ஜி ஷார்ப் தந்திகளைக் கொஞ்சம் இறக்கித்தான் சுருதி சேர்ப்பார்கள். ஃபைண்டர் சொன்ன இடத்தில், சொன்ன பெடலோடு வாசித்தும் கார்ட் கரகரத்தால் முதலில் 3, 6-வது தந்திகளைச் சந்தேகப்படுங்கள்.

முதல் நாள் மாலைக்கு இது போதும்: 3-வது ஃப்ரெட்டில் ஜி. 4, 5, 6-வது தந்திகளை மீட்டிவிட்டு, ஒலி அடங்குவதற்குள் ஏ, பி-யை மெதுவாக அழுத்துங்கள். சி. அழுத்தியபடியே 5-வதற்கு வழுக்குங்கள். டி. பெடலை விட்டுவிட்டு 3-வதற்குத் திரும்புங்கள். இதைக் கால் தானாகச் செய்யத் தொடங்கிய பிறகு ஃபைண்டரைத் திறந்து, 6-வது ஃப்ரெட்டில் ஏ பெடலையும் எஃப் லீவரையும் போட்டு, அதே ஜி வருகிறதா என்று பாருங்கள். சோகமாக ஏதாவது வந்தால் திரையைத் திட்ட வேண்டாம். மேசைக்கு அடியில் குனிந்து, எந்தப் பெடல் எந்தத் தந்தியை இழுக்கிறது என்று ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள்.